வீதி கூடிய சக்கரங்கள்

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பிறகு அங்கே மற்றவர்களுக்கு இடம் இருக்காது. இத்தனைக்கும் ஆள் ஒல்லி. என் சட்டைக்குள் அவரைப்போல இரண்டு பேர் புகுந்து பொத்தானும் போட்டுவிடலாம். ஆனாலும் கேரள எல்லைக்குள் இருக்கிற உதியன்குளங்கரையில் எங்கள் மாமனார் வீட்டு முன்னறையில் அவர் வந்து உட்கார்ந்தால் அறை நிறைந்துவிடும். ஒரு கை பக்கத்து நாற்காலியின் முதுகில், ஒரு கால் டீப்பாயின் அடியில், பேச்சு அடுக்களை வரைக்கும். நான் கதவோரம் நிற்பேன். மாமியார் காப்பி கொண்டுவரும்போது என்னைச் சுற்றிக்கொண்டு போவார். இவன் எப்போது வந்தான் என்ற கேள்வி அவர் முகத்தில் இருக்கும்.

எனக்கு அவர் மேல் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் பெருமைப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இதற்குக் கண்ணுகடி என்று பெயர். அவரைப் பார்த்தாலே எனக்குக் கண் அரிக்கும். அவரைப் பற்றி யாராவது பேசினால் காதும் அரிக்கும்.

அவருக்கு எதிலும் இடைவெளி ஆகாது. காப்பி கிளாஸ் விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும், "இதென்ன, காப்பி பாதி வழியில எறங்கிப் போச்சா?" என்று கேட்பார். சுவரில் படம் மாட்டினால் ஜன்னலை முட்டி நிற்க வேண்டும். பேசும்போது நம்மை ஒட்டி நின்றுதான் பேசுவார், அவர் சட்டைப் பொத்தான் என் வயிற்றில் குத்தும். குடும்ப ஜெபத்தில் மாமனார் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில்கூட இவர் ஒரு "ஆண்டவரே" போட்டு அடைத்துவிடுவார். மாமனாருக்கு அது ரொம்பப் பிடிக்கும். மூத்த மருமகனுக்கு என்ன பக்தி என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். இளைய மருமகன் வாயை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றதை யாரும் பக்தி என்று சொன்னதில்லை.

குவைத் யுத்தத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்த கூட்டத்தில் அவரும் வந்தார். மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவருக்குக் கொஞ்ச நாள் கழித்துக் கப்பலில் ஒரு கார் வந்தது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிற ஜப்பான் கார். ரேஸ் வண்டி என்று பிள்ளைகள் சொன்னார்கள். பின்னால் சீட் கிடையாது. ஓட்டுகிறவரைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் ஏறலாம்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு காரை யாரும் அதுவரை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கார் என்றால் முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், மடியில் பிள்ளைகள். என்னிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. கல்யாணம், அடக்கம், பிரசவம் எல்லாவற்றுக்கும் மாமனார் வீட்டு ஆட்கள் அதில்தான் போனார்கள். இறங்கும்போது கதவைப் பட்டென்று சாத்திவிட்டுப் போவார்கள். இந்தச் சிவப்புக் காரில் ஏறினவர்களோ அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சகலை சபை முற்றத்தில் நின்று யாராவது ஒருவரைக் கூப்பிடுவார். அமரவிளைப் பாலம் வரை போய்த் திரும்புவது வழக்கம். வெளிநாட்டு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். கூட ஏறுகிற ஆள் வலது பக்கம், நம் ஊர் டிரைவர் உட்காருகிற இடத்தில் உட்கார வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள்தான் வண்டியை ஓட்டுவதுபோலத் தெரியும். முதல் வாரம் மாமியார் போனார். சாயாக்கடையில் நின்றவர்கள், "அம்மச்சியாணோ ஓடிக்குந்நது?" என்று மலையாளத்தில் வாயைப் பிளந்தார்களாம். அம்மச்சிதான் ஓட்டுகிறாளா என்று கேட்டவர்களுக்கு மாமியார் இல்லை என்று சொல்லவில்லை. கையை மட்டும் மெதுவாக ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, நீ வாறியா?"

"இல்ல அண்ணே, மத்தவங்க போவட்டு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் முதல் அழைப்புக்கே தலையாட்டுவது மரியாதை இல்லை. சாப்பாடானாலும் சரி, வண்டியானாலும் சரி, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு இவரிடம் ஏது நேரம்? நான் வேண்டாம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மாமியாரின் தங்கை ஏறி உட்கார்ந்து கதவையும் சாத்திவிட்டாள். அதற்கப்புறம் உபதேசியார் போனார், மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரர் போனார், எங்கள் வீட்டுக்குத் தேங்காய் வெட்ட வருகிறவர்கூடப் போனார். நான் ஒவ்வொரு வாரமும் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த சீட் எனக்கு வேண்டும். அவர் என்னைப் பார்த்துக் கூப்பிட வேண்டும், எல்லாரும் பார்க்க நான் ஏற வேண்டும். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு இது ஒரு ஆசையா என்று கேட்டால் ஆமாம், அந்தக் காலத்தில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு நாள் மாமனார் வீட்டு முற்றத்தில் சகலை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார்.

"கண்டியா மக்கா? நாலு வெரலு போவுது. டயறு உள்ள ஒதுங்கி நிக்குது பாரு, மாமனாரு வீட்டுக்கு வந்த புது மருமவன் கணக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

"வீதி கூடின டிஸ்க் போடணும். வீதி கூடின டயறும். டயறும் மட்கார்டும் ஒரே நெரப்பில நிக்கணும், வெரலு போவப்பிடாது."

எனக்குப் பாறசாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடையில் எஸ்.டி.டி. வசதியுள்ள போன் உண்டு. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சக்கரம் வாங்கிக் கொடுத்தவனை ஏற்றாமல் இருக்க முடியுமா என்று ஒரு கணக்கு எனக்கும் இருந்தது. ரேஸ் வண்டிகளுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன்.

"வீதி கூடினது வேணும்" என்றேன்.

"எந்த வீதிங்க?"

"ஏழு."

"ஏழாவது வீதிங்களா?"

"ஏழு வீதி. ஒயரம் பதினஞ்சு."

"சரிங்க, பாறசாலை, ஏழாவது வீதி. பதினஞ்சு இஞ்சு செட்டு. அனுப்பிச்சு உட்டர்றனுங்க."

நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் அளவு என்று வந்தால் நீளம், வீதி, உயரம். வீதி என்றால் அகலம். அது மலையாளச் சொல் என்று யார் யோசித்தது? வாயில் வருவதைத் தமிழ் தனி, மலையாளம் தனி என்று பிரித்துப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர்க்காரருக்கு வீதி என்றால் தெரு. அவர் குற்றம் ஒன்றும் இல்லை.

பெட்டி லேசில் வந்து சேரவில்லை. பார்சல் ஆபீஸ்காரர் பாறசாலை முழுக்க ஏழாவது தெருவைத் தேடியிருக்கிறார். ஒழுங்காக ஒரு தெரு இருந்தால்தானே ஏழு இருக்கும்? கடைசியில் அலுத்துப்போய், இப்படி ஒரு விலாசம் யாருக்காவது தெரியுமா என்று என் கடைக்கே வந்து விசாரித்தார். பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று டயர் மாட்டுகிற நாலு அலுமினிய டிஸ்க். உயரம் பதினைந்து சரி. அகலம் பழையதைப்போலவே. வண்டியில் மாட்டிப் பார்த்தோம், விரல் முன்னைப்போலவே போனது.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முற்றத்தில் கதையைச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் குரலிலும் என் குரலிலும் மாறி மாறிப் பேசிக் காட்டினார். நான் பேசியதைவிட அவர் பேசிக் காட்டிய நான் நன்றாக இருந்தேன். அன்றோடு எனக்கு ஏழாம் வீதி என்று பெயர் வந்துவிட்டது. "எலே ஏழாம் வீதி, இஞ்ச வா" என்பார். மாமனார் சிரிப்பார். என் மனைவியும் சிரிப்பாள், வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. மூடினால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துத் தமிழில் "அகலம் ஏழு அங்குலம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி மறுபடி வரவழைத்தேன். என் கடைக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக்தான் மாட்டினார். நானும் ஜாக்கி வைத்துக் கொடுத்தேன். நாலு சக்கரத்தையும் மாட்டி வண்டியைக் கீழே இறக்கினோம். டயரின் வெளிப்பக்கமும் மட்கார்டின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து நின்றன. சகலை குனிந்து விரலை நீட்டினார். நகம்கூடப் போகவில்லை. அவர் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

வண்டி அழகாக இருந்தது. நானே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவரை இரவல் செருப்புப் போட்டவன்போல நின்ற வண்டி, இப்போது காலை அகட்டி வைத்து இது என் இடம் என்று நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. என் கையால் ஜாக்கி வைத்து அந்த அழகை உண்டாக்கிக் கொடுத்தேனே என்று கூடுதலாக எரிந்தது.

மெக்கானிக்குக்குத் திருப்தி இல்லை. "இத்தர வீதி வேணோ சாறே?" என்றார். இவ்வளவு அகலம் வேண்டுமா என்று கேள்வி. மட்கார்டின் உட்பக்கம் தகடு மடிந்து ஒரு விளிம்பு நிற்கும். பின்னால் பாரம் ஏறினால் டயர் அதில் போய் உரசும், சூடாக்கி அதை உள்ளே மடக்கிவிட்டால் நல்லது என்றார். சகலை கையை வீசினார். "ஒரே ஒரு ஆளுதானே ஏறுது? என்ன பாரம் வரப்போவுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "மக்கா, இன்னைக்கு நீ."

நான் மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். அது ஏறுகிற வண்டி இல்லை, இறங்குகிற வண்டி. முதலில் ஒரு காலை விட்டு, பிறகு தலையை விட்டு, கடைசியில் உடம்பைப் போட்டேன். முழங்கால் மார்பில் இடித்தது. பரவாயில்லை. சபை முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் காலரைச் சரிசெய்து, ரோட்டைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டேன். அசல் டிரைவர்.

முற்றத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவில் வலது பின்சக்கரத்திலிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. சகலை வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்னால் போனார். ஆட்களும் கூடினார்கள். அவர் என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"மக்கா, நீ கொஞ்சம் எறங்கு."

இரண்டு பேர் கையைக் கொடுத்து என்னை வெளியே இழுத்தார்கள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். அவர் பின்பக்கத்தை ஆட்டிப் பார்த்தார்.

"இப்ப ஒரையல்ல. வேற ஒண்ணுமில்ல மக்கா, ஒன் பாரம் ஆக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். அவர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர், அதனால் சபை முழுவதும் கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் திரும்பிப் பார்த்தால் அந்த சீட்டில் என் மனைவி இருந்தாள். அவளும் மரியாதை பார்க்கவில்லை. சத்தமே இல்லாமல் வண்டி சரிவில் இறங்கிப் போனது. பாலம் வரை போய்த் திரும்பி வந்தபோது அவள் தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். என் அம்பாசடரில் எத்தனையோ வருஷமாகப் போகிறாள், ஒரு முடி கலைந்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சு.

"கண்ணாடிய ஏத்திவிட்டிருந்தா முடி கலையாதுல்லா" என்றேன்.

"ஒங்களுக்குக் கண்ணுகடி" என்றாள்.

அந்த விளிம்பை மடக்கிவிட்டால் தீர்ந்துபோகிற காரியம். அடுத்த முறை பார்த்தபோது வேறு எதையோ பேசுவதுபோல அதையும் பேசினேன். "அண்ணே, அந்த மட்கார்ட ஒண்ணு உள்ள மடக்கினா..."

"அது கம்பெனி பெயின்ட் ஆக்கும் மக்கா. மடக்கினா வெடிக்கும். அதில சுத்தியல் பட்டா எனக்கு நெஞ்சு பொறுக்காது."

சரி, வண்டியை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம் என்று நான் மரச்சீனிக் கிழங்கை விட்டேன். மரச்சீனியும் மத்திக் கறியும் இல்லாத ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை. "வயிறு செரியில்லியா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். காலையில் விடிவதற்கு முன் நடக்கப் போனேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் பால் வாங்க என்றேன். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது.

ஒரு நாள் மாமனார் வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மெதுவாக முற்றத்துக்கு வந்து காரில் ஏறி உட்கார்ந்தேன். உரசுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? உட்கார்ந்தால் சக்கரம் தெரியாது, இறங்கினால் வண்டி எழும்பிவிடும். உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து, தலையைத் தரைவரை தொங்கவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அப்போது இரண்டு பாதம் தெரிந்தது. என் மனைவி.

"என்ன செய்யுதீங்க?"

"சாவி விழுந்துபோச்சு."

 அவள் உள்ளே போனாள். அன்றைக்கு ராத்திரி நான் கேட்காமலே என் தட்டில் மரச்சீனி வந்தது. நான் சாப்பிட்டேன். அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்குள் பெல்ட் ஓட்டை பழைய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குக் குடலிறக்கம் வந்து காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மாமனார் என்னைவிடப் பெரிய உடம்பு, ஆஸ்பத்திரிக் கிடப்பில் கொஞ்சம் வடிந்திருந்தார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர், வழியில் குலுக்கம் ஆகாது, பார்த்துக் கொண்டுபோங்கள் என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். குலுக்கம் ஆகாது. அப்படியானால் யார் வண்டி? அம்பாசடரின் பின்சீட்டில் கட்டிலில் படுப்பதுபோலப் படுத்து வரலாம். ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். முந்தின நாளே வண்டியைக் கழுவித் துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டு, இரண்டு தலையணை வைத்து, பிளாஸ்கில் கஞ்சிவெள்ளமும் எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் என் நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமனாரைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தபோது அந்தச் சிவப்புக் காரும் வந்து என் வண்டியை ஒட்டி நின்றது. நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது. நான் முதலில் பார்த்தது பின்சக்கரத்தை. மட்கார்டின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. நாலு பக்கமும். ஓரத்தில் சிவப்பு பெயின்ட் முட்டை ஓடுபோல நொறுங்கி, உள்ளே தகடு தெரிந்தது.

"மாமா ஏறணும்லா? அதான் நேத்து நெய்யாற்றின்கரையில குடுத்து மடக்கினேன்" என்றார் என்னிடம், சாதாரணமாக.

எனக்காக மடக்கச் சொன்னபோது பொறுக்காத நெஞ்சு. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. பார்த்தவர்களுக்குக் கோபம் மாதிரி தெரிந்திருக்கும்.

"மாமா, டாக்டரு குலுக்கம் ஆவாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன். "இதில படுத்துட்டே வரலாம். தலைவாணி வச்சிருக்கேன்."

மாமனார் என் தலையணைகளைப் பார்த்தார். சிவப்புக் காரைப் பார்த்தார். நொறுங்கிய பெயின்டையும் பார்த்தார்.

"அவன் எனக்கு வேண்டி வண்டிய அடிச்சு மடக்கியிருக்கான். ஏறல்லன்னா எப்படி?"

நாலு பேர் சேர்ந்து அவரை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினோம். நானும் ஒரு கை பிடித்தேன். பிறகு மாமியார், மனைவி, இரண்டு தலையணை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். வீதி கூடிய அந்த டயர்களுக்குப் பக்கச் சுவர் ரொம்பக் குட்டை. ரோட்டில் கிடக்கிற கூழாங்கல்கூட நேராக முதுகில் வந்து இடிக்கும். எங்கள் ரோட்டிலோ குழிகளுக்கு நடுவேதான் ரோடு. ஒவ்வொரு குழிக்கும் மாமனாரின் வெள்ளைத் தலை எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"பையப் போவச் சொல்லு மக்கா" என்று மாமியார் பதறினார். நான் ஹாரன் அடித்தேன். சகலை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உற்சாகமாக ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் விரட்டினார்.

வீட்டு முற்றத்தில் மாமனாரை வெளியே எடுத்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை அடிவயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தது. நான் தலையணையோடு ஓடினேன்.

"வலிச்சுதா மாமா?"

"சுகமா வந்தேன்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "மெத்தையில இருக்கது கணக்கா."

என் வண்டியில் வலியில்லாமல் வந்து இறங்கிய ஒருவரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனிதர் கொடுக்கிற வலிகூட இவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. நான் என்னதான் செய்வது?

மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு மருந்துச் சீட்டு என் கையில் வந்தது. பாறசாலைக்குப் போய் வாங்க வேண்டும். நான் அம்பாசடர் சாவியை எடுத்தேன்.

"எலே, அது கெடக்கட்டு. இதில ஏறு. இனி ஒரையாது" என்றார் சகலை.

எல்லாரும் இருந்தார்கள். நான் ஏறினேன். போகக்கூடாது என்றுதான் மனது சொன்னது, கால் கேட்கவில்லை. வீட்டுச் சந்தான ஊடுவழி ரோட்டில் ஏறுகிற மேட்டில், வலது பின்சக்கரத்திலிருந்து கர்ர் என்று சத்தம் வந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். நான் கதவில் கை வைத்தேன்.

"எறங்குதேன் அண்ணே."

"இரி."

"டயறு போயிரும்."

"போவட்டும். இரி மக்கா."

வண்டி ரோட்டில் ஏறிப் போனது. ஒவ்வொரு குழியிலும் சக்கரம் உரசியது. ஒவ்வொரு முறை உரசும்போதும் அவர் குரலை உயர்த்தி என்னிடம் எதையாவது கேட்டார். கடை எப்படிப் போகிறது, எந்தச் சாமான் நன்றாக விற்கிறது, ஆள் வைத்திருக்கிறேனா, தனியாகச் சமாளிக்கிறேனா. அத்தனை வருஷத்தில் அவர் என் கடையைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். நானும் கத்திக் கத்திப் பதில் சொன்னேன். சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்காததுபோல ஆகிவிட்டது. ரப்பர் கருகுகிற மணம் உள்ளே வந்தது. பாறசாலைக் கடைவீதியில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓட்டிக்கொண்டு போவதாக நினைத்து ஒருவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். மாமனார் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு குழியும் இடுப்பில் இடித்தது, எனக்கு மெத்தையில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

மருந்தை வாங்கித் திரும்பி வந்தபோது வாசலில் எல்லாரும் நின்றார்கள். வலது பின்டயரின் ஓரம் கத்தியால் சீவினதுபோல ஆகியிருந்தது. மட்கார்டில் கரிய ரப்பர்த் துகள் ஒட்டிக்கிடந்தது. முற்றம் முழுக்கக் கருகல் மணம்.

"ஒரைஞ்சுதா?" என்று என் மனைவி கேட்டாள்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவருக்காக அந்த ஒரு பொய்யை நான் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஒண்ணும் ஒரையல்ல" என்றார் அவர், அதற்குள். "வழியில எவனோ பழைய டயற எரிக்கான். அந்த மணம் ஆக்கும்."

அதையும் அவரே சொல்லிவிட்டார். என் கண் நிறைந்துவிட்டது. என்னாச்சு என்று மனைவி பக்கத்தில் வந்தாள். டயர் எரிக்கிற புகை என்றேன்.